தபால்பெட்டியைத் தாண்டியதும் சாவியைத் திருப்பு

என் அக்காவைக் கண்டால் எங்கள் தெருக் குழந்தைகள் ஓடி ஒளிந்துகொள்ளும். பெரியவர்களிலேயே சிலர் மெதுவாக எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அவள் பொல்லாதவள் என்பதால் அல்ல. ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள் அவள். தெருவில் அவளுக்கு வைத்த பெயர் ‘ரத்தக்கா’. அதைக் கேட்டு அவள் கோபித்துக்கொண்டதே கிடையாது. "பேரு என்னவா இருந்தா என்ன, நரம்பு கிடைச்சா சரி" என்பாள்.

நரம்பு அவளுக்குக் கிடைக்காமல் போனதில்லை. தடித்த கை, ஒல்லிக் கை, பயத்தில் சில்லிட்டுப்போன கை, எதுவானாலும் ஒரு விரலால் தடவிப் பார்த்து, எங்கோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஊசியை ஏற்றிவிடுவாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று எல்லோரிடமும் சொல்வாள். என்னிடமும் சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட எறும்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டி உதிரிபாகம் விற்கும் கடையில் இருபது வருடமாக கவுண்டரில் நிற்கிறேன். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘மைலேஜ்’. ஒரு லிட்டர் பெட்ரோலில் என் வண்டி அறுபது கிலோமீட்டர் ஓடும். அதை யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். புதிதாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு ஸ்பார்க் பிளக் வாங்க வருகிறவர்கள் கையில் பிளக் கிடைப்பதற்குள் என்னிடம் பத்து யோசனைகளாவது வாங்கிக்கொண்டாக வேண்டும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் குடியிருப்பது மேட்டில். நான் மாடியில், அக்கா கீழே. அக்கா வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில்தான் இருப்பார். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் என் தோளில் கை வைத்து, "அக்காவப் பாத்துக்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போவார். அக்கா பக்கத்திலேயே நின்று, "இவனா? இவனைப் பாத்துக்கவே ஒரு ஆள் வேணும்" என்பாள். அன்றைக்குச் சிரித்தேன்.

முன்பெல்லாம் லேப்பிலிருந்து வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். போன வருடம் வேனை நிறுத்திவிட்டார்கள். ரத்தம் எடுக்கிறவர்கள் சொந்த வண்டியில் வர வேண்டும், மாதம் பத்து லிட்டர் பெட்ரோலுக்குச் சீட்டு கொடுப்போம், அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வண்டி இல்லாதவர்களுக்கு மேசை வேலை. மேசை வேலைக்கு ஏற்கெனவே ஆள் அதிகம், அங்கே போனால் வேலையே நிலைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா வீட்டுக்கு வந்து கைப்பையை வைத்துவிட்டு, உறை போட்டு மூடிக் கிடந்த மாமாவின் மோட்டார் சைக்கிளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

"ஓட்டிடுவேன்ல?" என்று கேட்டாள்.

"ஊசி போடுற கைக்கு கிளட்ச் பிடிக்கத் தெரியாதா?" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டாள். விழுந்தாள், எழுந்தாள், முழங்காலில் அவளே மருந்து போட்டுக்கொண்டாள். லைசென்ஸ் வந்த அன்று மாமா கப்பலிலிருந்து கூப்பிட்டார். அக்கா வண்டி ஓட்டுவதைக் கேட்டதும் அவர் முதலில் விசாரித்தது வண்டியைத்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவருடைய அழைப்பை அக்கா எடுக்கவில்லை.

அவள் ஓட்டுவது தனி விதம். வண்டியின் பின்னால் வெள்ளைக் குளிர்பெட்டி, ஆரஞ்சு நிறப் பட்டையால் கட்டியிருக்கும். உள்ளே சின்னச் சின்னக் குழாய்களில் ரத்தம். அது ரொம்பக் குலுங்கினால் கெட்டுவிடும், பரிசோதனை தப்பாக வரும், மறுபடி அதே வீட்டுக்குப் போய் அதே கையில் குத்த வேண்டும். அதனால் திடீரென்று முறுக்க மாட்டாள், திடீரென்று பிரேக் பிடிக்க மாட்டாள், பள்ளத்தைத் தூரத்திலேயே பார்த்து விலகிவிடுவாள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல ஓட்டம் கிடையாது. எனக்கே அவ்வளவு பொறுமை இல்லை.

ஆனாலும் முதல் மாதம் இருபத்திரண்டாம் தேதியே பத்து லிட்டரும் தீர்ந்துபோனது. அடுத்த மாதமும் அப்படியே. மிச்ச நாட்களுக்கு நான் என் வண்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மேலாளர் வேறு கூப்பிட்டு, "மத்தவங்களுக்குப் போதுது, உங்களுக்கு மட்டும் ஏன் பத்தல?" என்று கேட்டிருக்கிறார். மேசை வேலை என்ற பேச்சு மறுபடி எழுந்தது.

"நீதான் மைலேஜ் ஆச்சே, ஏதாவது சொல்லு" என்றாள் அக்கா.

இதற்காகவே காத்திருந்தவன் போல அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் மேட்டிலிருந்து கீழே போக ஒன்றரைக் கிலோமீட்டர் இறக்கம். ஒருவழிப் பாதை. மேலே ஏறுவதற்கு மறுபக்கம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்புத் தபால்பெட்டி இருக்கிறது.

"இந்தத் தபால்பெட்டியைத் தாண்டினதும் நியூட்ரல்ல போட்டுட்டு சாவியைத் திருப்பு. எஞ்சின் ஆஃப். வண்டி தானா உருளும், பிரேக்கை மட்டும் பாத்துக்க. ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சொட்டுப் பெட்ரோல் செலவில்லை. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை இறங்குற. கணக்குப் போட்டுப் பாரு."

அப்படியே இறங்கிக் காட்டினேன். நல்ல வெயில். காற்று மட்டும் காதில் கேட்டது. அக்கா பின்னாலிருந்து, "அட, பறக்குற மாதிரில்ல இருக்கு" என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

நான் காலை ஒன்பதுக்குக் கடைக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்புகிறவன். இருபது வருடமும் அப்படித்தான். அக்கா காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறவள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தத்தை ஏழரைக்குள் எடுத்தாக வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தினமும் அவள் வண்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தானே புரண்டு படுப்பேன். தெரிந்தும் என் மண்டையில் ஏறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குளிர் மாதம் வந்தது. ஒரு நாள் விடிகாலை முதலாளி கூப்பிட்டார். சரக்கு லாரி இரவே வந்து கடை வாசலில் நிற்கிறதாம், ஓட்டுநர் கத்துகிறாராம், உடனே போய் இறக்கு என்றார். கதவைத் திறந்தால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு பனி. எதிர்வீட்டு விளக்கு மங்கலாக ஒரு மஞ்சள் கறை, அவ்வளவுதான். எனக்கு வண்டியை எடுக்கத் தைரியம் வரவில்லை. நடந்தே இறங்கிவிடலாம் என்று கிளம்பினேன். இருபது வருடம் ஓட்டிய நானே வண்டியை வீட்டில் விட்டேன். அரைமணி நேரத்துக்கு முன்னால் அக்கா வண்டியோடு போனதை எண்ணியும் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் பஸ் டிப்போ. அதன் வாசல் நேராகச் சாலையில் திறக்கும். அதற்கு எதிரே என் கடை. சாலையைக் கடக்க நின்றேன். இரண்டு பக்கமும் பார்த்தேன், வெளிச்சம் இல்லை. காது கொடுத்துக் கேட்டேன், சத்தமும் இல்லை. சரி என்று நான்கு அடி வைத்திருப்பேன். பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று வந்து என் சட்டையை உரசிக்கொண்டு போனது. நான் தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"எருமை! கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினேன்.

கத்திக்கொண்டே தலையைத் திருப்பியபோது கண்ணில் பட்டது, ஒரு கை தூரத்தில் விலகிப்போய்க்கொண்டிருந்த ஆரஞ்சுப் பட்டை. வெள்ளைப் பெட்டி. அடுத்த நொடி பனி மூடிக்கொண்டது. முன்விளக்கு இல்லை. பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை. ஹாரனும் இல்லை. சாவியைத் திருப்பினால் எல்லாமே செத்துப்போகும். எஞ்சினோடு விளக்கும் அணையும் என்று இந்த ஊருக்கே வண்டிப் பாடம் எடுக்கிற எனக்கு, தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

"அக்கா!" என்று கத்தினேன். பதில் இல்லை. லேப் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. ஓடினேன். லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டு, "யோவ், எங்கய்யா ஓடுற?" என்று கத்தினார். லேப் வரவேற்பில் இருந்த பெண் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்காவா? இப்பத்தான் வெச்சுட்டுப் போனாங்க. மேல இன்னும் நாலு வீடு இருக்காம்."

போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று சொல்லிவைத்ததும் நான்தான். அந்த ஒரு யோசனையாவது உருப்படியானது என்று எப்போதும் நினைப்பேன். அன்றைக்கு அதையும் சபித்தேன்.

மணி ஆறு ஆகப்போகிறது. ஆறரைக்கு டிப்போவிலிருந்து பஸ்கள் வெளியே வரத் தொடங்கும். ஒவ்வொன்றும் இறக்கத்தின் வாயை அடைத்துக்கொண்டுதான் திரும்பும். அக்கா நான்கு வீட்டை முடித்துவிட்டு அந்த நேரத்துக்குத்தான் மறுபடி இறங்குவாள். தபால்பெட்டியைத் தாண்டினால் சாவியைத் திருப்பிவிடுவாள். அதற்குப் பிறகு அவள் வருவது யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் நான் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஒருவழிப் பாதையின் ஓரத்தில் மேலே ஓடினேன். ஓடினேன் என்றா சொன்னேன்? இருநூறு அடி ஓடியிருப்பேன். அதற்கு மேல் நடைதான். கவுண்டரில் நின்று நின்று பழகிய கால். மூச்சு இரைத்தது. செல்போன் டார்ச்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அந்த வெளிச்சம் பனியில் பட்டு என் முகத்துக்கே திரும்பி வந்தது.

மேலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டால் நிம்மதியாக இருந்தது. விளக்கு தெரியும், வண்டி வரும், போகும். யாரோ ஒரு புண்ணியவான் பெட்ரோலைச் செலவழித்துக்கொண்டு போகிறான் என்று மனதார வாழ்த்தினேன். சத்தம் இல்லாத நேரம்தான் பயம். ஒன்றும் கேட்காவிட்டால் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தமில்லை. இதோ இப்போதுகூட என்னைத் தாண்டி அவள் உருண்டு போயிருக்கலாம். திரும்பிக் கீழே ஓடலாமா என்று தோன்றும். இல்லை, மேலே போ என்று இன்னொரு மனம் சொல்லும். மாமாவிடம் என்ன சொல்வேன்? மாதம் முழுக்க மிச்சம் பிடித்தால் ஒன்றரை லிட்டர் வரும் மாமா, அதற்காகத்தான் என்றா?

தபால்பெட்டியின் சிவப்பு கண்ணில் பட்டபோது மணி ஆறு இருபத்தைந்து. அதைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். எஞ்சின் சத்தம். அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன். மஞ்சள் வெளிச்சம் ஒன்று மெல்ல வந்தது. நடுச்சாலைக்கே போய் டார்ச்சை ஆட்டினேன்.

வண்டி மெதுவாக, பெட்டி குலுங்காமல், நின்றது.

"யாரது நடுரோட்டுல?" என்றாள். பிறகு, "டேய், நீயா? என்னடா ஆச்சு? ஏன் இப்படி இரைக்குது?"

"சாவியைத் திருப்பாத. இங்க எஞ்சினை அணைக்காத. நான் சொன்னது தப்பு. லைட்டு…" என்றேன்.

"அணைக்க மாட்டேன்டா. இனிமே ஜென்மத்துக்கும் அணைக்க மாட்டேன்." "போன தடவை இறங்குறப்போ கீழ ஒரு ஆளை உரசிட்டேன். நிக்கணும்னு நெனச்சேன். பயத்துல கை பிரேக்குக்குப் போகல. லேப்புக்குப் போயி கையைப் பார்த்தா ஆடுது. இருபத்தஞ்சு வருஷத்துல என் கை ஆடினதே இல்லடா. அந்த ஆளுக்கு என்ன ஆச்சோ தெரியல. நல்லாத் திட்டினாரு. திட்டினதாலதான் உசுரோட இருக்காருன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"எருமைன்னு திட்டினாரா?"

அக்கா என்னையே பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் என் சட்டையைப் பார்த்தாள். முழங்கையில் மண் ஒட்டியிருந்தது.

அவள் வண்டியை ஸ்டாண்டில் போட்டாள். என் கையைப் பிடித்து மடக்கி நீட்டினாள். விலாவை அமுக்கிப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்பு பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் பளாரென்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு அடி விழுந்ததில் வருத்தமே இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. சத்தமில்லாமல், வெளிச்சமில்லாமல், பனிக்குள்ளிருந்து ஒரு வண்டி எங்களை ஒட்டி உருண்டு போனது. பின்னால் இரண்டு பெரிய ரொட்டிக் கூடைகள். போகிற போக்கில் ஒரு சந்தோஷமான குரல் கேட்டது.

"யாரு, மைலேஜ் தம்பியா? நீங்க சொன்ன மாதிரியேதான்! இப்ப அறுபத்தஞ்சு குடுக்குது!"

பேக்கரிக்காரர். ஐம்பது வயதைத் தாண்டி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் பிளக் வாங்க வந்தார். நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் மறைந்துவிட்டார்.

"இவருக்கும் சொன்னியா?" என்றாள் அக்கா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏறு பின்னாடி."

குளிர்பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா விளக்கைப் போட்டு, ஹாரனில் கட்டை விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. அவ்வளவு வேகமாக அவள் ஓட்டி நான் பார்த்ததில்லை. "குலுங்குதுக்கா" என்றேன். "குலுங்கட்டும், நாலு பேர் கையில திரும்பக் குத்திக்கிறேன்" என்றாள். கொஞ்ச தூரத்தில் ரொட்டிக் கூடைகள் மங்கலாகத் தெரிந்தன. யாரோ முந்தப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அவர் ஓரம் கட்டி வேகத்தைக் குறைத்தார். அதற்குள் அடிவாரமே வந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் சுவர் போல ஒரு பஸ், பாதித் திரும்பிய நிலையில் நின்றுகொண்டிருந்தது.

பேக்கரிக்காரரின் முன்சக்கரம் பஸ்ஸுக்கு இரண்டு அடி தள்ளி நின்றது. ஒரு கூடை சரிந்து ரொட்டியெல்லாம் சாலையில் உருண்டது.

பஸ் ஓட்டுநர் இறங்கி வந்தார். அக்காவைப் பார்த்து, "உங்க லைட்டும் ஹாரனும் வரவேதான் பிரேக் போட்டேம்மா" என்றார். பிறகு பேக்கரிக்காரரைப் பார்த்தார். "இவர் எங்கிருந்து வந்தாரு? இப்படி ஒரு ஆள் வர்றதே எனக்குத் தெரியல."

பேக்கரிக்காரர் ஹேண்டிலைப் பிடித்தபடியே அப்படியே நின்றுகொண்டிருந்தார். கண்ணால் என்னைத் தேடி, "தம்பி, நீங்க சொன்னபடிதானே செஞ்சேன்?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அக்கா குனிந்து ரொட்டிகளைப் பொறுக்கினாள். "நானும் இவன் சொன்னபடிதான் செஞ்சேன்" என்றாள் அவரிடம். "நம்ம ரெண்டு பேருக்கும் ஆயுசு கெட்டி."

அன்று மாலை அவள் வண்டியைப் பிரித்துப் பார்த்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மூடிவைத்திருந்த வண்டியில் ஏர் ஃபில்டர் முழுக்க தூசி. பின் டயரில் இருக்க வேண்டிய காற்றில் பாதிதான் இருந்தது. பின் பிரேக் சக்கரத்தோடு உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. பெட்ரோலைக் குடித்ததெல்லாம் அவைதான். ஃபில்டரை மாற்றி, காற்றடித்து, பிரேக்கைத் தளர்த்தினேன். பெட்டியின் பின்பக்கம் முழுக்க ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒட்டினேன். "கல்யாண வண்டி மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. ஆனால் கழற்றச் சொல்லவில்லை. அந்த மாதம் பத்து லிட்டர் கடைசித் தேதி வரைக்கும் வந்தது. எஞ்சினை ஓடவிட்டுத்தான் அவள் இறக்கத்தில் இறங்கினாள்.

இப்போதும் கவுண்டரில் யோசனை சொல்கிறேன். பழக்கம் விடவில்லை. ஆனால் முதலில், "வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று கேட்கிறேன். தெரிந்த முகம் வந்தால், அந்த இறக்கத்தைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னேனா என்றும் கேட்கிறேன். சிலர் ஆமாம் என்கிறார்கள். அவர்களுக்குத் திருத்திச் சொல்லி அனுப்புகிறேன். ஒரே ஒரு தடவை வந்து பிளக் வாங்கிக்கொண்டு போனவர்களை என்ன செய்வது?

பனி விழும் நாட்களில் ஐந்து மணிக்கு அக்கா வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்கிறது. இப்போதெல்லாம் நான் புரண்டு படுப்பதில்லை. எழுந்துபோய் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் டார்ச்சோடு நிற்கிறேன். பேக்கரிக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறார், கையாட்டுகிறார். மற்றவர்கள் எத்தனை பேர், எந்த நேரத்தில் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது.